எண்ணெய் பூசிய பக்கம்

குச்சியில் பஞ்சு சுற்றி
நாக்கில் தொட்டு
அவள் நெற்றியில் உருட்டுகிறேன்.
நூறு வருஷப் புகையைக் கரைக்க
எச்சிலைவிட நல்லது கிடையாது.
சிரிக்காதீர்கள்,
இதற்குத்தான் அருங்காட்சியகத்தில் சம்பளம்.

மூன்றாம் நாள் காலை பத்தரைக்கு
ஒரு புருவம் வெளியே வந்தது.

பட்டியலில் அவளுக்குப் பெயர் இல்லை.
'மீனவப் பெண், வட நார்வே.
ஓவியர் ஓஸ்முன் ட்வெய்ட்.
கடலில் தொலைந்தவனுக்காகக்
காத்திருக்கும் பார்வை' என்று
யாரோ எழுதி, யாரோ நகலெடுத்து,
போன வருஷம் துரீட் அதை
அஞ்சலட்டையிலும் அச்சடித்துவிட்டாள்.

அவன் தொலையவே இல்லை.
தேவாலயப் பதிவேட்டில் இருக்கிறான்:
ஆன்ஃபின், எண்பத்தொரு வயது, நெஞ்சுச் சளி.
இவள் உட்கார்ந்திருந்த பதினோரு நாளும்
பக்கத்து அறையில் தூண்டில் கயிறு
சிக்கெடுத்துக்கொண்டிருந்திருப்பான்,
இருமிக்கொண்டு.

பார்வை தாழ்ந்திருப்பது உண்மைதான்.
ஸ்கேல் வைத்துக் கோடு பிடித்துப் பார்த்தேன்.
அது கடலுக்குப் போகவில்லை.
ஓவியன் நின்ற இடத்தில்
தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் முடிகிறது.
பனி உருகிச் சொட்டும் அவனுடைய பூட்ஸ்.
காலையில்தான் தேய்த்துக் கழுவிய பலகை.

டிசம்பர். சூரியன் போய் மூன்று வாரம்.
பகல் என்பது பதினொன்றிலிருந்து ஒன்றுவரை
சட்டியின் அடியில் தங்கிய நீலம்.
அந்த நீலத்தில் கன்னத்தை முடித்திருக்கிறான்
அவசர அவசரமாக.
கைகள் வரவில்லை. அவை ஓய்ந்திருக்கவில்லை போலும்.
மடியில் ஒரு பழுப்புக் கலங்கல்,
அதில் ஒட்டி
ஒரே ஒரு மீன் செதில். நிஜச் செதில்.
இடுக்கியோடு குனிந்தவள்
நிமிர்ந்துகொண்டேன்.

பிறகு படத்தைத் திருப்பினேன்.

துணியின் முதுகில் அவன் கணக்கு, கரியில்.
ஈய வெள்ளை மூன்று குரோனர்.
நீலம் ஐந்தரை.
மண்ணெண்ணெய் ஒன்று.
யோர்டிஸ், பதினோரு நாள்.
அதற்கு நேரே ஒன்றுமில்லை.
தெற்கே போகும் கப்பல் ஊதியிருக்கும்.

கீழே வேறு கை, பென்சில்.
ஒவ்வோர் எழுத்தும் ஆணி அடித்ததுபோல:
'புயலில் ஜன்னல் போயிற்று.
கண்ணாடி மே மாதக் கப்பலில்.
காசுக்குப் பதில் இது.
எண்ணெய் பூசிய பக்கம் வெளியே. நனையாது.'

விளிம்பில் எட்டு ஆணித்துளை, துருவோடு.

அப்படியென்றால்
உப்புக்காற்றும் ஆலங்கட்டியும் வாங்கிக்கொண்டு
அந்த முகம் நூற்றுச்சொச்சம் நாள்
துறையைப் பார்த்து நின்றிருக்கிறது.
இருட்டில் படகுக்கு இறங்கியவர்களில்
ஒருவனாவது தொப்பியைத் தொட்டிருப்பான்,
தொட்ட கையோடு தன்னையே திட்டியிருப்பான்.
உள்ளே அவள்
வராத பணத்தின் கணக்கைப் பார்த்தபடி
கஞ்சி குடித்திருக்கிறாள்.
குளிரவில்லை. அவளுக்கு அதுதான் விஷயம்.
மே மாதம் கண்ணாடி வந்தது.
படம் அடுப்புக்கு மேலே போனது.
நான் துடைக்கும் புகை அப்போது பிடித்தது.

நேற்று ஒரு தடவை, கவனக்குறைவாய்,
உருட்டிய பஞ்சையே திரும்ப நாக்கில் வைத்துவிட்டேன்.
புகைக்குக் கீழே
உப்பு.

இடது கன்னம் வெடித்திருக்கிறது,
கம்பில் தொங்கும் காட் மீனின் தோல்போல.
வெள்ளிக்கிழமை திறப்புவிழா,
நிரப்பிவிடு என்கிறாள் துரீட்.
நீலம் குழைத்துத்தான் வைத்தேன்.
தட்டிலேயே காய்கிறது.

படிவத்தில் 'சேதத்தின் காரணம்' என்று ஒரு கட்டம்.
'ஜன்னலாக வேலை பார்த்தாள்' என்று எழுதினேன்.
அடித்து, 'பார்த்தது' என்று திருத்தினேன்.
தேநீர் குடித்துவிட்டு வந்து
அதையும் அடித்தேன்.
இப்போது அந்தக் கட்டத்தில்
கொஞ்சம் அசிங்கமாக,
பார்த்தாள் என்றே இருக்கிறது.