ஒன்று

இருபத்திரண்டு வருஷத்தில்
நாங்கள் ஒன்று விற்றதே இல்லை.
டஜன் விற்றிருக்கிறோம், குரோஸ் விற்றிருக்கிறோம்.
மேட்டுப்பாளையம் எஸ்டேட்டிலிருந்து மினி லாரியில்
திண்டிவனம், விழுப்புரம், கடலூர் என்று
சாக்கில் கட்டிப் போன தேங்காய்த் துருவி
எந்த அடுப்படியில் போய் உட்கார்ந்தது?
கேட்கத் தோன்றியதில்லை.
"அடுத்த வாரம் செக்" என்பார் மொத்தக்கடை ரங்கநாதலு.
எங்கள் சரக்கைப் பற்றி
எங்களுக்கு வந்த ஒரே அபிப்பிராயம் அதுதான்.

பொருளின் எடை, கிராமில், என்றது படிவம்.
கழிவு நிறுக்கும் பிளாட்பாரத் தராசில்
ஒற்றைத் துருவியை வைத்தால் முள் அசையவில்லை.
அமலோற்பவம் எதிர் மளிகைக்குக் கொண்டுபோய்
துவரம்பருப்பு நிறுக்கிற தட்டில் நிறுத்து வந்தாள்:
எழுநூற்று நாற்பது.
நிறம்?
எவர்சில்வருக்கு என்ன நிறம் சொல்ல.
வெள்ளி என்று போட்டேன், கொஞ்சம் பொய்தான்.
விவரம்?
தேங்காய் துருவும்.
நூறு எழுத்துக்குக் குறையக் கூடாதாம்.
நன்றாகத் துருவும். மிக நன்றாகத் துருவும். தேங்காயை.
படமெடுக்க வெள்ளைத் துணி வேண்டுமென்றபோது
கோயிலுக்குப் போடுகிற முக்காட்டை
கிரீஸ் படிந்த மேசையில் விரித்தவளும் அவள்தான்.

முதல் ஆர்டருக்குப் பையன் பழக்கதோஷத்தில்
பன்னிரண்டு போட்டு ஒட்டிவிட்டான்.
பிரித்தோம். ஒன்று வைத்தோம்.
பெட்டிக்குள் அது ஆடியது.

கமிஷன் போக, கூரியர் போக, வரி போக
ஒன்றுக்குப் பதினோரு ரூபாய் என்றார் ஆடிட்டர்.
வருகிறதா, போகிறதா என்று இரண்டு தடவை கேட்டேன்.
அன்றைக்கே ரங்கநாதலுவின் போன்:
"எனக்குப் போடற விலைய ஊரெல்லாம் ஒட்டிட்டீங்களே,
இனிமே என் கடையில எதுக்குத் தூசி தட்டணும்?"
அவர் பாக்கி நாலு லட்சத்து சொச்சம்.
பதில் சொல்லவில்லை.

மூன்றாவது வாரம் ஒன்று திரும்பி வந்தது,
நாக்பூரிலிருந்து,
பல்லிடுக்கில் காய்ந்த தேங்காய்ப்பூவோடு.
காரணம்: நான் இடது கைக்காரி.
இடது கையால் சுற்றினால் பல் பிடிக்கவில்லை, வழுக்குகிறது.

கலிவரதனிடம் வாசித்துக் காட்டினேன்.
லேத்தை நிறுத்தாமலே
"தெரியும்" என்றார்.
அப்போதுதான் பார்த்தேன், பதினாறு வருஷமாய்ப் பார்த்தும்:
லீவரில் இருந்தது அவருடைய இடது கை.
"சொல்லியிருக்கலாமே?"
"யார் கேட்டா?"

மறுநாள் மஞ்சள் பையில் கொண்டுவந்தார்,
எங்கள் துருவிதான்;
பல் மட்டும் எதிர்ப்பக்கம் சாய்த்துத் தீட்டியது,
கைப்பிடி தேய்ந்து மழமழவென்று.
இடது கையால் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார்.

முக்காட்டை விரித்தோம். படமெடுத்தோம்.
கையிருப்பு எத்தனை? என்றது படிவம்.
ஒன்று என்று தட்டினேன்.
தோளுக்கு மேலே எட்டிப் பார்த்த கலிவரதன் பதறினார்:
"பூஜ்யம் போடுங்க, பூஜ்யம்.
அது எங்க வீட்டுது.
ராத்திரி தேங்காய் துருவணும்."