பொழுது சாய்வதற்குள்

அக்னி நட்சத்திரத்தில் எவனாவது
கம்பளிக் கோட்டு போடுவானா?
போட்டேன்.
மூன்று மெடலையும் குத்திக்கொண்டேன்.
பாச்சை உருண்டை வாசத்துக்கு
காட்பாடி ஆட்டோக்காரர்
கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

சத்துவாச்சாரி, இரண்டாவது பேஸ்.
ஐஸ் பெட்டிக்குள் கர்னல் தரணேந்திரன்.
மீசையை யாரோ கீழ்நோக்கிச் சீவிவிட்டிருந்தார்கள்.
தெரியாதவர்கள்.
ஆஸ்பத்திரி ஆட்களாக இருக்கும்.
சல்யூட் வைத்தேன்.
முழங்கை பாதியில் நின்றது.
வயசு, வேறொன்றுமில்லை.

அறுநூறு பேர் இந்தியில் தின்று
இந்தியில் திட்டி
இந்தியில் குறட்டை விட்ட பட்டாலியனில்
எனக்கு மட்டும் வரும் ஒரு கேள்வி:
"இன்னாடா எட்டியப்பா, துன்னியா?"
ஆரணிப் பக்கத்து நயினார் வீட்டுப் பிள்ளை.
மெஸ்ஸில் அவர் பேசும் இங்கிலீஷை
மேலதிகாரிகளே நின்று கேட்பார்கள்.
எனக்கு அந்த 'துன்னியா' போதும்.

அவர் தின்னமாட்டார், பொழுது சாய்ந்தபின்.
லடாக்கில் எங்கள் போஸ்டுக்கு மேற்கே ஒரு முகடு,
மூன்றரைக்கே வெயிலை விழுங்கிவிடும்.
மூன்று மணிக்குத் தட்டோடு உட்கார்ந்திருப்பார்.
"மேஜர், முகட்டுக்கு அந்தப் பக்கம்
சூரியன் இன்னும் இருக்கிறதே" என்றார் பிரிகேடியர்.
"இந்தப் பக்கம் தெரியலையே, சார்."
கிழங்கு வகை ஆகாது அவருக்கு.
உருளைக்கிழங்கை ஓரமாக ஒதுக்குவார்.
அது எனக்கு.
இரண்டு குளிர்காலம்
அந்த ஓரத்தில்தான் நான் கொழுத்தேன்.

ஆறு தாண்டும் பயிற்சியில்
கயிற்றை விட்டுவிட்டு அலறினேன் ஒருமுறை.
காலரைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டவர்
இருமிக்கொண்டே சொன்னார்:
"நானும் பாலாத்துக்காரன்தான்டா.
மணல்லதான் நீச்சல் கத்துகினேன்."

பட்டாலியனிலிருந்து பியூகிள்காரர் வரவில்லை.
ரயில் தாமதமாம்.
மயானத்தில் கேப்டன் சந்தானகோபால்
போனில் அந்த ஊதலைத் தேடிப் போட்டார்.
முதலில் நகைக்கடை விளம்பரம் வந்தது.
செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை.
அட்டென்ஷனில் நின்ற பன்னிரண்டு கிழவர்களும் அசையவில்லை.
அவர் இருந்திருந்தால் சிரித்திருப்பார்.
அதை நினைத்ததும்தான்
எனக்கு அழுகை வந்தது.

"பொழுது சாயறதுக்குள்ள முடிச்சிடணும்"
என்று யாரோ அவசரப்படுத்தினார்கள்.
அவருக்குப் போய் அதைச் சொல்கிறார்களே.

கிளம்பும்போது அம்மா சொன்னார்கள்,
வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு:
"நாப்பத்தாறு வருஷம்.
ராத்திரியில ஒரு வாய் தொட்டதில்ல.
பட்டாளத்துலகூட."

அந்த ராத்திரி மணி பதினொன்று இருக்கும், அம்மா.
ரோந்து போன நாலு பேரில்
மூவர் திரும்பியிருந்தார்கள்.
பதில் இல்லாத செட்டைக் காதில் வைத்துக்கொண்டு
நான் மூலையில் இருந்தேன்.
லான்ஸ் நாயக் பையன், விரல்கள் கறுத்து,
தட்டைத் தள்ளிக்கொண்டே இருந்தான்.
அவன் எழுந்து வரும்வரை நானும் சாப்பிடமாட்டேன்
என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.
அவன் எழுந்து வரமாட்டான் என்று
எங்கள் எல்லோருக்கும் தெரியும்.
மேஜர் அவன் எதிரே தரையில் உட்கார்ந்தார்.
ரொட்டியைப் பிய்த்தார். தன் வாயில் போட்டார்.
மென்றார். விழுங்கினார்.
அடுத்த துண்டை அவனிடம் நீட்டினார்.
ஒரு மணி நேரம் ஆனது
ஒரு ரொட்டி தீர.
எழுந்தபோது என்னைப் பார்த்தார்.
வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை.

"ஆமாங்கம்மா, தொட்டதே இல்லை" என்றேன்.

குடியாத்தம் பஸ் ஏழே காலுக்கு.
பஸ் ஸ்டாண்டு எதிரே
பரோட்டாக் கல்லில் இரும்புத் தட்டும் சத்தம்.
கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன்.
மலைமேல் விளக்குகள் வந்துவிட்டன,
நல்ல இருட்டு.
வெட்கமில்லாமல் பசித்தது.
துன்னுட்டேன், சார்.
ரெண்டு பரோட்டா.
குருமாவில் உருளைக்கிழங்கு.