அரைக்கால் அங்குலம்

சுங்கை பீசிக்குத் தெற்கே
ஈயம் அள்ளிய குழியில் மழை நிரம்பி
ஏரி என்று பெயர் எடுத்துவிட்டது.
ஞாயிறு காலை ஏழு மணி.
அக்கரையில் நெடுஞ்சாலை தொண்டையைச் செருமுகிறது.
மிதக்கும் பலகைமேடையில் சம்மணமிட்டு
ஸ்கீயை மடியில் கிடத்தி
நான்கு திருகாணிகளையும் தளர்த்துகிறேன்.

ஒற்றை ஸ்கீ இது. இரண்டு கால்களும்
ஒன்றன்பின் ஒன்றாக,
ஒரே குளியலறைக்கு வரிசை நிற்கிற மாதிரி.
முன்கால் எங்கே நிற்கிறதோ
அதுதான் மற்றதையெல்லாம் தீர்மானிக்கும்.

வால்நுனியிலிருந்து குதிகால் வரை
இருபத்தொன்பதே முக்கால்.
போன வாரமும் அதுதான், போன மாதமும்.
அந்தக் கணக்கில் நின்றுதான்
நாலாவது மிதவையை இருபத்து மூன்று முறை
தவறவிட்டேன்.

இன்று அரைக்கால் முன்னே.
எட்டில் ஒன்றுக்கு அரைக்கால் என்று
பெயர் வைத்த மனிதரும்
எதையோ காலில் மாட்டிக்கொண்டு
விழுந்திருக்க வேண்டும்.

காற்பிடியை முன்னே தள்ளினால்
மூக்கு தண்ணீரைக் கடிக்கும், திருப்பம் சுருங்கும்.
ஆசைப்பட்டு இன்னும் தள்ளினால்
மூக்கு குத்தி, ஆள் கயிற்றுக்கு முன்னால் பறப்பாள்.
பின்னே இழுத்தாலோ மூக்கு நிமிரும், வேகம் வரும்,
அந்த வேகத்திலேயே மிதவையைத் தாண்டி அகன்று போய்
தொய்ந்த கயிறோடு
அடுத்த மிதவை கடந்து போவதைப்
பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

வாரநாளில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை.
பாவைக்கும் பாவைக்கும் இடையே
இரண்டு மில்லிமீட்டர் பிசகினால் போதும்,
வாடிக்கையாளர் மாடிப்படியில் படியைத் தேடுவார்.
மறுநாள் வந்து சொல்வார்:
"நல்லாத்தான் தெரியுது, ஆனா..."
அந்த "ஆனா"வுக்குத்தான் எனக்குச் சம்பளம்.
ஞாயிற்றுக்கிழமை
நானே அந்த "ஆனா".

யோகமலர் குனிந்து பார்த்தாள்:
"அண்ணி, டேப்பு நுனிக் கொக்கி வளைஞ்சிருக்கு."
வளைந்துதான் இருந்தது.
அப்படியென்றால் நோட்டில் இருப்பதெல்லாம் பொய்.
பிப்ரவரியிலிருந்து எழுதிய ஒவ்வொரு முக்காலும் பொய்.
கரையில் ஓர் உடும்பு, வாலை எங்கே வைப்பது என்று
யோசிக்கிற மாதிரி நின்றது.
கொஞ்ச நேரம் நானும் அப்படித்தான்.

பிறகு தோன்றியது:
எல்லாம் ஒரே அளவு பொய்.
ஒரே அளவு பொய்யென்றால் அதை வைத்துக் குடித்தனம் நடத்தலாம்.
முன்னே என்பது அப்போதும் முன்னேதான்.
இருபத்தொன்பதே முக்காலே அரைக்கால்
என்று எழுதிக்கொண்டு, திருப்புளியைத் திருப்பினேன்.

"சியாப்?" என்றார் படகோட்டி ஹஷிம்.
தலையாட்டினேன். கயிறு இறுகியது.
குழியின் ஆழம் யாருக்கும் தெரியாது.
எனக்கு வேண்டியது மேலே இரண்டு விரற்கடைத் தண்ணீர் மட்டும்.

வாசல்.
ஒன்று.
இரண்டு.
மூன்றில், மூக்கு இறங்குவது
கட்டைவிரலில் தெரிந்தது, செருப்பில் மணல் புகுந்ததைப் போல.
நாலு
சுற்றிவிட்டேன்.
சுற்றிவிட்டேனா என்று திரும்பிப் பார்த்தேன்.
ஆரஞ்சு நிறப் பந்து, என் நுரையில்
மேலும் கீழும் தலையாட்டிக்கொண்டிருந்தது.
அப்படிப் பார்த்ததில்
ஐந்தாவதுக்கு ஆள் இல்லை.
தோளடியாக விழுந்தேன். மூக்கு முழுக்கச்
செம்மண் கசப்பு.

படகு வட்டமிட்டு வந்தது.
"போன்ல எடுத்தியா?"
"நாலு வந்தப்போ நாசி லெமாக் பொட்டலத்தப்
பிரிச்சுக்கிட்டு இருந்தேன், அண்ணி."
ஹஷிம் மட்டும் திரும்பாமலே
கண்ணாடியில் நான்கு விரலைக் காட்டினார்.

மேடையில் நீர் சொட்டச் சொட்ட நோட்டைத் திறந்தேன்.
காரணம் என்ற கட்டத்தில் அரைக்கால் என்று எழுதி
அடித்துவிட்டேன்.
காற்று இல்லை, பசியாறவும் இல்லை,
நேற்றிரவு நன்றாகத் தூங்கியும் இருந்தேன்.
எதுவென்று சொல்வது?
கட்டத்தை வெறுமையாக விட்டு
நான்கு திருகாணிகளையும் இன்னொரு முறை இறுக்கினேன்.
இறுகித்தான் இருந்தன.