கரிக்கணக்கு

காலை ஆறரைக்குத் தராசைத் தூக்கிக் கட்டுவேன்.
கொக்கியில் முதலில் என் கைப்பையைத் தொங்கவிட்டு எடுத்து
முள் பூஜ்யத்துக்குத் திரும்புகிறதா என்று பார்ப்பேன்.
திரும்பும். பெரும்பாலும்.

கலோபெயெயில் மழை இல்லாத பதினோராவது மாதம்.
பச்சையாக நிற்பது ஒன்றே ஒன்றுதான்:
சீமைக்கருவேலம்.
ஆட்டின் பல்லைக் கெடுக்கிறது,
வறண்ட ஓடையின் தொண்டைக்குள் வேரை இறக்கி உறிஞ்சுகிறது,
டயரையும் குதிகாலையும் ஒன்றுபோலக் குத்துகிறது.
இதுவும் எங்கிருந்தோ வந்ததுதான்.
யாரும் இதனிடம் அட்டை கேட்டதில்லை.

அதை வெட்டி, பீப்பாயில் மூட்டமிட்டு,
கரியைப் பொடித்து, மரவள்ளிக் கஞ்சியில் பிசைந்து
அச்சில் வைத்து அழுத்தினால்
பசுமை வேலை.
வாசல் பலகையில் அப்படித்தான் எழுதியிருக்கிறது.
சாயங்காலம் துப்பினால் எச்சிலும் கரி.

அசின்யெனை எனக்கு முன்பே தெரியும்.
அவள் துர்க்கானா. இந்த மண் அவளுடையது.
நான் லொத்துகோ. டோரிட்டிலிருந்து வந்தவள்,
பாதி வழி நடை, பாதி வழி லாரி.
முன்பெல்லாம் விறகுக்கட்டோடு என் வேலிக்கு வருவாள்.
கட்டுக்கு மூன்று கோப்பை சோளம், என் ரேஷனிலிருந்து.
பேரம் பேசினால்
கட்டைத் திரும்பத் தலையில் வைத்துக்கொள்வாள்.
ஒருநாள் நானே வெட்டப் போனேன்.
ஓடைக்கரையில் வழிமறித்து
என் வெட்டுக்கத்தியைப் பிடுங்கிக்கொண்டாள்.
"எங்கள் வயிற்றை வெட்டாதே" என்றாள்,
அல்லது அப்படி ஏதோ.
அப்போது எனக்கு அவள் மொழி தெரியாது.

பட்டறை திறந்ததும் விறகு விலை சரிந்தது.
அதற்கும் என்னைத்தான் திட்டினாள்.
பிறகு அவளும் ஆள் எடுக்கும் வரிசையில் வந்து நின்றாள்,
அதே கத்தியோடு.
கைப்பிடியில் என் மகன் கீறிய மூன்று கோடுகள்.
நான் கேட்கவில்லை.
அவளும் கொடுக்கவில்லை.

சம்பளத் தாளில் இரண்டு பத்திகள்.
அவளுக்குக் கூலி. எனக்கு ஊக்கத்தொகை.
அதே மூட்டை, அதே இருபத்தைந்து கிலோ,
என் பத்தியில் மட்டும் பாதிக்கும் கீழே.
அகதி என்றால் அப்படித்தான் போட முடியும் என்றார்
மேற்பார்வையாளர் வஞ்சாலா,
என்னைப் பார்க்காமல், பேனா மூடியைத் தேடிக்கொண்டே.

அசின்யெனுக்கு எழுத்து தெரியாது, தொகை தெரியும்.
"உன்னுடையது எவ்வளவு?"
விரல் வைத்துக் காட்டினேன்.
ஒன்றும் சொல்லவில்லை. காதைச் சொறிந்துகொண்டாள்.
மறுநாள் நான் அழுத்திய இரண்டு மூட்டைகளை
இழுத்துக்கொண்டு போய்த் தன் அடுக்கில் வைத்தாள்.
கத்த வாயெடுத்தேன்.
"என் பேரில் எழுது" என்றாள்.
"வித்தியாசத்தில் பாதி உனக்கு, பாதி எனக்கு.
மாட்டினால் என் பேர்தானே போகும்?"

எடை போடுவதும் நான், எழுதுவதும் நான்.
எழுதினேன்.
ஐந்து மாதமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.
சனிக்கிழமைகளில் கழிப்பறைக்குப் பின்னால் பங்கு பிரிப்போம்.
சில்லறை இல்லாவிட்டால் சண்டை வரும்.
ஒருமுறை இருபது ஷில்லிங்குக்காக
நான்கு நாள் பேசாமல் இருந்தோம்.

போன வாரம் நன்கொடையாளர்கள் வந்தார்கள்.
ஒரு பெண், ஒற்றை ஆளாய், இத்தனை மூட்டையா!
அசின்யெனுக்கு ஒரு சான்றிதழ், ஒரு புகைப்படம்.
பின்வரிசையில் நின்று
எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினேன்.
என் கைகளிலிருந்து கரித்தூள் பறந்தது.

சாயங்காலம் அதை எடுத்துக்கொண்டு என் வேலிக்கு வந்தாள்.
பிளாஸ்டிக் உறை ஒட்டிய காகிதம், கிழிய மறுத்தது.
"இதில் பாதி எப்படி?"
கத்தியை நீட்டினாள்,
கோடு போட்ட கைப்பிடி என் பக்கமாக.

வாங்கிக்கொண்டேன்.
சான்றிதழை அவளே வைத்துக்கொள்ளட்டும்.

ஓடைக்கரையில், போன மாதம் வெட்டிய தூர்களில்
மறுபடி துளிர்த்திருக்கிறது.
திங்கட்கிழமைக்கு வேலை உண்டு.