பாதி

வெள்ளவத்தையில், மருந்துக்கடைக்கு மேல் இரண்டாம் மாடி.
மெழுகுச் சட்டி இளகிக்கொண்டிருக்க
நதீஷா முதலில் நூலை எடுத்தாள்.
ஒரு முனை பல்லில், மற்றது விரல்களில் முறுக்கி
என் மேலுதட்டைக்
குருவி நெல்லுக் கொத்துவதுபோல்
கொத்திக்கொண்டே போனாள்.
“ரிதெனவாத?”
நோகவில்லை என்றேன்.
கண்ணீர் தன்பாட்டில் காதுக்குள் இறங்கியது.

பதினாலு வயதில் தொடங்கியது அண்ணனின் றேசரில்.
குளியலறைத் தாழ்ப்பாள், சவர்க்கார நுரை,
முழங்காலில் ஒரு வெட்டு.
மழித்தால் தடித்து வளரும் என்று
வகுப்பில் ஷர்மிளி பயங்காட்டினாள்.
தடிக்கவில்லை.
முனை வெட்டுப்பட்டதால் குத்தியது, அவ்வளவுதான்.
அலகு மழுங்கிவிட்டதென்று அண்ணன்
வீடு முழுக்க விசாரணை வைத்தான்.

பிறகு கிறீம்.
நோவே கிடையாது.
ஆனால் கூழ்முட்டையை ரோசாப்பூவால் மூடிய மணம்.
அன்று நூறாம் நம்பர் பஸ்ஸில்
அவ்வளவு சனத்திலும்
எனக்குப் பக்கத்து சீட் காலி.

கொம்பனித்தெரு ஃபர்ஸானா சீனிப்பாகு காய்ச்சுவாள்,
தேசிக்காய் பிழிந்து.
விரலால் உருட்டி, தோலில் அப்பி, ஒரே சுண்டு.
பதம் பிழைத்தால்
கையோடு ஒட்டிக்கொண்டு இருவரும் சிரிப்போம்.
மலிவு அதுதான்.
ஆனால் அவள் இப்போது டோஹாவில்.

கொள்ளுப்பிட்டியில் லேசர் விலை கேட்டேன்.
எட்டுத் தடவை, தவணையிலும் கட்டலாம்.
உங்கள் நிறத்துக்கு வேறு மெஷின் வேண்டும்,
அது அடுத்த மாதம் வரும் என்றாள்
வெள்ளைக் கோட்டுப் பிள்ளை.
போன மாதமும் அதையேதான் சொன்னாள்.

இடது கால் முடிந்து
வலது காலில் இரண்டு கீலம் இழுத்திருந்தாள்.
கரண்ட் போனது.
ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை.
சட்டியில் ஆடை கட்டி, மெல்ல மெல்லக்
கல்லானது தேன்.
பழைய சஞ்சிகையால் என் கால்களை விசிறினாள்,
பிறகு தன் கழுத்தை.
ஜன்னல் வெளிச்சத்தில் அவள் முழங்கைக்குக் கீழே
மயிர் அடர்ந்து கிடந்தது.
நான் பார்ப்பதைப் பார்த்து,
“எனக்கு யார் இழுக்கிறது?” என்றாள்.
பாதிக் காசுதான் வாங்கினாள்.

ஒழுங்கையால் இறங்கித் தண்டவாளம் கடந்து
கடலோரக் கல்லில் இருந்து
காற்சட்டையைச் சுருட்டினேன்.
காற்று வந்ததை
வலது கால்தான் முதலில் சொன்னது.
இடது மினுங்கிக்கொண்டிருந்தது,
ஒன்றும் அறியாமல்.
அலை ஏறி வந்து இரண்டையும் நனைத்தது.
இப்போது இடதுதான் கத்தியது, உப்பில்.

முதுகுக்குப் பின்னால் மாத்தறைக் கோச்சி போனது.
வாசலில் தொங்கிய எவனோ
விசிலடித்தான்.
எந்தக் காலுக்கு என்று
தெரியவில்லை.