முப்பத்திரண்டு புள்ளி நான்கு

தல்மா துறையிலிருந்து நாற்பது நிமிடம்.
பெயர்ப்பலகை இல்லாத தீவு.
முழங்கை வரை மணலுக்குள் விட்டு
அழுங்காமைக் குழியிலிருந்து
தீப்பெட்டி அளவுக் கருவியை எடுக்கிறேன்.
முப்பத்திரண்டு புள்ளி நான்கு.

"எல்லாம் பெண்ணாகத்தான் இருக்கும்" என்கிறார் மரியம்,
குறிப்பேட்டிலிருந்து தலை தூக்காமல்.
இருபத்தொன்பதைத் தாண்டத் தாண்ட
முட்டைக்குள் ஆண் குறைந்துகொண்டே போகுமாம்.

ருவைஸில் எங்கள் கேம்ப், நானூற்றுப் பன்னிரண்டு பேர்.
எல்லாம் ஆண்.
ஏசி படுத்துவிட்ட இரவுகளில்
சவரிராயன் மொட்டைமாடியில்
ஈரத்துண்டைப் போர்த்திக் கிடப்பான்.
காதில் ஃபோன். அந்தப் பக்கம் மகள்
ஏழாம் வாய்ப்பாடு ஒப்பிப்பாள்.

பன்னிரண்டரைக்கு வெயில் இடைவேளை,
சட்டப்படி, எங்களுக்கு.
முட்டைக்கு யார் மணி அடிப்பது?

இந்த வருடம் பதினான்கு கூடுகளுக்கு மட்டும்
நிழல் கட்டினோம்,
கட்டிட வேலையில் மிஞ்சிய பச்சை வலை.
ஷாஹினுக்குச் சாரம் கட்டிய கை,
முடிச்சு அசையாது. ஆனாலும்
ஒன்றைக் காற்று பிடுங்கிக்கொண்டது.
கழுத்தளவு நீரில் இறங்கித் துரத்தினோம்:
கடலில் விட்டால் அதுவே சுருக்கு.

ஆகஸ்ட் கடைசி. ஒரு வலைக்கடியில்
இருபத்தொன்பது புள்ளி ஒன்று.
மரியம் இரண்டு தடவை பார்த்தார்.
தன் தண்ணீர் போத்தலை என்னிடம் நீட்டினார்.

இதில் ஆணும் இருக்கலாம்.
ஓடு காயாத கால்ரூபாய் உடம்போடு
இன்றிரவே இறங்கிப் போய்விடும்.
பெண் மட்டும்தான் முட்டையிடக் கரையேறும்;
ஆண் இந்த மணலை
மறுபடி மிதிப்பதில்லையாம்.

சவரிராயனிடம்
வெப்பக்கணக்கை மட்டும் சொன்னேன்.