பெனால்டி இல்லாத சீட்டுக்கட்டு

பெட்டி மூடியில் மீசைக்காரர் இருவர்
ஒரே பந்தை முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள்.
உள்ளே நாற்பத்து நான்கு சீட்டு என்று அச்சு.
எண்ணினால் நாற்பத்து மூன்று.

டார்க்கஸின் அண்ணன் பிரான்சுக்குப் போகும்போது
அடுப்புக்கு மேல் பலகையில் இதை விட்டுப் போனான்.
திரும்பி வந்தவை ஒரு கடிதமும் அவன் பெல்ட்டும்.
அதன் பிறகுதான் பெட்டியைத் திறந்தோம்,
குண்டுத் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து,
பூசாமலே மஞ்சளான விரல்களோடு.

காலை ஆறு மணி. லங்காஷயர் மழை.
ஹெஸ்டர் சீட்டுப் போடுகிறாள், ஆளுக்கு ஏழு.
விநோதமான ஆட்டம்.
கோல் கம்பத்துக்கு வலை கிடையாது;
பந்து உள்ளே போனதா வெளியே போனதா என்பது
கத்துகிறவன் குரலைப் பொறுத்தது.
நடுவர் கோட்டுக்கு வெளியே, பையில் கைவிட்டபடி.
உள்ளே இரண்டு அம்பயர்கள்,
ஒருவரை ஒருவர் நம்பாமல்.
கோல்கீப்பருக்கும் மற்றவர்களுக்கும்
ஒரே கோடுபோட்ட சட்டை.
கை விரித்து நிற்பவன் காவல் நிற்கிறானா,
இல்லை, பாஸ் கேட்கிறானா?
லெட்டிஸ் ஒவ்வொரு முறையும் தப்பாகத்தான் எடுப்பாள்.

அன்றைக்கு ஹெஸ்டர், தன் கோல் வாசலிலேயே,
'கையால் தடுத்தல்' சீட்டில் மாட்டிக்கொண்டாள்.
லெட்டிஸ் எழுந்தே விட்டாள்:
"பெனால்டி!"
போன சனிக்கிழமைதான்
பீரங்கிப் பட்டறைப் பெண்களுக்கு எதிராக
ஒன்றை அடித்து, கம்பத்துக்கு மேலே அனுப்பியிருந்தாள்.
அந்தக் கோபம் இன்னும் காலில் இருந்தது.

கட்டைப் புரட்டினோம். பெனால்டி இல்லை.
விதித்தாளை விளக்கருகே பிடித்தோம். அதிலும் இல்லை.
கனவான்கள் தெரிந்தே தப்புச் செய்யமாட்டார்கள் என்று
கனவான்களே நம்பிய காலத்தில்
அச்சான கட்டு.
"அப்ப செஞ்சவங்க?" என்றேன்.
"அவங்க மில்லுக்காரங்களா இருப்பாங்க."

டார்க்கஸ் கூலி உறையைக் கிழித்தாள்.
மடித்து, மாவுப் பசை தடவி, சீட்டளவுக்கு வெட்டி,
பென்சிலை நாக்கில் தொட்டு வரைந்தாள்:
ஒரு பந்து, ஒரு சுண்ணாம்புக் கோடு,
தொப்பிக்குள் முடியைத் திணித்த ஒருத்தி.
மீசை வைக்கட்டுமா என்று கேட்டாள்.
வேண்டாம் என்றோம்.
நாற்பத்து நான்கு.

போர் முடிந்தது. தறிகளுக்குத் திரும்பினோம்.
ஆட்டம் மட்டும் நிற்கவில்லை.
கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஒருமுறை எட்டாயிரம் பேர்;
மரப்படி ஒன்று உடைந்து
யாரோ ஒருவர் செருப்பு எங்கள் பெனால்டி கட்டத்தில் விழுந்தது.
அடுத்த டிசம்பரில் லண்டனில் முடிவு செய்தார்கள்:
கால்பந்து பெண்களுக்குப் பொருந்தாது,
கிளப்புகள் மைதானம் தரக்கூடாது.
இதற்கு எந்தச் சீட்டு இறக்கணும் என்று
பாதி விளையாட்டாக விதித்தாளைத் தேடினாள் ஹெஸ்டர்.
மீதிப் பாதியைப் பற்றி நாங்கள் கேட்கவில்லை.

இப்போது கேஸ் தொழிற்சாலைக்குப் பின்னால் ஆடுகிறோம்.
கம்பத்துக்குப் பதில் இரண்டு கோட்டு.
வலை கிடையாது.
உள்ளே போனதா வெளியே போனதா என்பது
மறுபடியும் குரலைப் பொறுத்தது.

மழை வந்தால் சீட்டு.
கூலி உறை மற்றவற்றைவிடத் தடிப்பு;
எவ்வளவு கலைத்தாலும்
அது எங்கே இருக்கிறதென்று விரலுக்குத் தெரிந்துவிடும்.
லெட்டிஸ் வெட்டும்போதெல்லாம் அங்கேதான் வெட்டுகிறாள்.
பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்,
அம்பயர்கள் இருவரும்கூட.